என் சில்வர் பேணி

கனடாவின் மொன்றியலில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் இடைவேளை. என் பையிலிருந்து சில்வர் பேணியை எடுத்ததும், என்னோடு படிப்பிக்கும் சுதா பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"டீச்சரைப் பாருங்கோ. கடதாசிக் கப்பே பாவிக்கிறேல்ல. சூழலுக்கு எவ்வளவு நல்லது!"

நான் சிரித்து வைத்தேன். கொதிக்கும் தேநீர் பட்டு எழுந்த உலோக வாசம் யாழ்ப்பாணத்தைக் கொண்டுவந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மற்றச் சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள், நாங்கள் நிலத்தில். கிணற்றடியில் அவர்கள் உயரத்திலிருந்து ஊற்ற, கைகளைக் குவித்துக் குடிப்போம். முழங்கை வழியே ஓடும் தண்ணீரில் சட்டை நனையும். ஒருநாள் தாகம் பொறுக்காமல் வாளியைப் பிடித்துவிட்டேன். வகுப்புக்காரி ஒருத்தி பதறிப்போய் என் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு நானே ஆசிரியையானேன். முதல் நாள், ஆசிரியர் அறையில் தேநீர்த் தட்டோடு வந்தவர் என் முன்னால் தயங்கி நின்றார். மறுநாள் இந்தப் பேணியைக் கொண்டுபோனேன். கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. தேவையில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அங்கிருந்த காலம் முழுதும் அது அலுமாரியில் தனியாகவே இருந்தது.

"டீச்சர், கப் முடிஞ்சுபோச்சு. உங்கட பேணியில குடிச்சிட்டுக் கழுவித் தரட்டே?" என்று சுதா கேட்டாள்.

நான் குடித்து வைத்த பேணியைக் கழுவி, தேநீர் ஊற்றி, சுதா வாயருகே கொண்டுபோனாள்.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை!"

தேநீர் மேசையில் கொட்டியது. அவள் கையைத் தட்டிவிட்டது நான்தான்.