சாய்ந்து நின்ற சுவர்

பாண்டிச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூரில், எங்கள் வயல் வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. என் பிறந்த வீடு அந்தப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்று, எழுபதாம் வருஷம் மகளை அங்கே போய்ப் பெற்றேன். காரைக்கால் ஆஸ்பத்திரியே போதும் என்றார் வீட்டுக்காரர். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

பதினேழு வருஷம் கழித்து அவள் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். டீச்சராக வேண்டும், அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. மனுவைக் கொடுக்க இருவரும் காரைக்காலுக்கு பஸ் ஏறினோம். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அலுவலகத்தில் காலை முழுக்க வரிசை. கால் கடுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். எங்கள் முறை வந்ததும் நான் ஜன்னலருகே போய் மனுவை நீட்டினேன்; குமாஸ்தா பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்.

"பொண்ணு தமிழ்நாட்டுல பொறந்திருக்கு. நம்ம ஊரு கணக்குல வராதும்மா."

வரப்புக்கு அந்தப் பக்கம் பிறந்ததால் என் பெண் வெளியூர்க்காரியாகிவிட்டாள். அத்தனை பேர் முன்னால் எனக்கு முகம் செத்துவிட்டது. மறுபேச்சு பேசாமல் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த தையில் கல்யாணம் முடித்து அனுப்பினோம்.

பிறகொரு நாள் வேறு வேலையாக அங்கே போனபோதுதான், நான் சாய்ந்து நின்ற இடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். வெளியே பிறந்தவர்கள், ஐந்து வருஷம் இங்கே குடியிருந்ததற்குக் எங்கள் ஊர்க் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் சான்று வாங்கி வந்தால் போதுமாம். அரை நாள் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த நான் அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாவி!

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் சுவரைத்தான் படிப்பேன். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது பழகிவிட்டது. ஊர்ப் பெண்கள் மனு எழுத என்னிடம் வந்தார்கள். மாதர் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள். என்னால் இரண்டு பெண்கள் டீச்சரானார்கள். அவர்கள் என் காலில் விழுந்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, மகள் நினைப்புதான் வந்தது.

பொங்கலுக்கு வந்திருந்த மகளிடம், கீரை ஆய்ந்துகொண்டே அந்த அறிவிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று அழுதேன். அவள் நிமிரவே இல்லை.

"நீ ஜன்னல்கிட்டப் போனதும் நான் அதப் படிச்சேம்மா. ஒங்கிட்ட சொன்னேன். பெரியவங்க பேசறப்ப வாய மூடுடின்னு நீதான் அதட்டுன."

அதட்டியது எனக்கு நினைவிலேயே இல்லை.