அகற்ற வேண்டிய கைப்பிடி

இது நடந்தது. என் தங்கையிடம் சொன்னபோது சிரித்தாள், "உனக்குத் தூக்கம் பத்தலை" என்றாள். அலுவலகத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் அனுபவம் எனக்கும் உண்டு என்று பெருமையடிக்க இதை எழுதவில்லை. பயம் மட்டும் என்றால் இரண்டு நாளில் போயிருக்கும். இது போகவில்லை. ஏனென்றால் இதில் பாதி வெட்கம்.

எங்கள் நகராட்சியில் பழைய கட்டடங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிய வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் எங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் குழு உறுப்பினர் இல்லை. வீட்டைப் போய்ப் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதுகிறவள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். எந்தச் சுவரைக் கண்டாலும் நகத்தால் சுரண்டி, சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்ப்பார். அவர் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபச் சுவரையே சுரண்டினார் என்று சொல்வார்கள். நாங்கள் வைத்த பெயர் சுண்ணாம்பு ஐயா.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீடு கட்டிய நாளில் இருந்ததெல்லாம் அசல். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிற்சேர்க்கை. அசலைத் தொடக் கூடாது. பிற்சேர்க்கையை விடக் கூடாது. அது ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் அறிக்கையில் இடமும் இல்லை.

ஒரு தெருமுனை வீட்டின் மனு எங்கள் கூட்டத்துக்கு வந்தது. கூரை ஒழுகுகிறது, மாற்ற அனுமதி வேண்டும். அவ்வளவுதான். அந்த வீட்டில் இரண்டே பேர், அக்காவும் தம்பியும். இரண்டு பேருக்குமே தலை நரைத்துவிட்டது. அக்காவுக்கு முப்பது வயதில் கண் போய்விட்டது. தம்பி பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர்.

கூட்டத்தில் வீட்டின் போட்டோக்களைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் ஹால் சுவர் தெரிந்தது. அடிப்பாதி முழுக்க மரப்பலகை பதித்து, அருமையான வேலைப்பாடு. அதற்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், ஒரு நீளக் கட்டை. கைப்பிடி.

"இது பிற்சேர்க்கை மாதிரி இருக்கு சார்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

சுண்ணாம்பு ஐயா முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கண்ணும்மா உனக்கு. அசல் பலகையில ஸ்க்ரூ அடிச்சிருக்கான் பாரு, பாவி."

தம்பி எழுந்து நின்றார். "சார், அது எங்க அக்காவுக்காக நானே போட்டது. அதைப் பிடிச்சுத்தான் சார் அவ வீடு பூரா நடக்கறா."

"கூரைக்கு அனுமதி வேணுமா, வேண்டாமா?" என்றார் சுண்ணாம்பு ஐயா.

தம்பி உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நாற்காலியில் இருந்த அக்கா அப்போதுதான் பேசினார். சத்தமாக இல்லை.

"கட்டையைப் பத்தி முதல்ல பேசின பொண்ணு யாரும்மா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், கைப்பிடியை அகற்ற வேண்டும் என்ற அறிக்கையை முடித்து அனுப்பினேன். 'நேரில் அளந்தேன்' என்று எழுதியிருந்தேன். போகவே இல்லை. போட்டோவைப் பார்த்து எழுதியதுதான். நாலு மணிக்கு சுண்ணாம்பு ஐயா போன் செய்தார். "அளந்தேன்னு போட்டிருக்கே, கட்டையோட நீளம் எங்கம்மா? நாளைக்குக் காலையில ஆர்டர் போகணும்."

உடனே தம்பிக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அக்காவுக்கு நெஞ்சு வலி மேடம். காலையில சேர்த்தோம். இன்னும் நினைவு வரலை. ஆனா பிழைச்சுப்பாங்கறார் டாக்டர். சாவி எதிர்ல ஜெராக்ஸ் கடையில இருக்கு." ஒரு நொடி நிறுத்தினார். "மேடம்... அவ திரும்பி வந்தா அந்தக் கட்டை வேணும் மேடம்."

"பார்க்கறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்கிறேன் என்றால் எங்கள் அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அளப்பதற்கு எப்போதும் இரண்டு பேர் போவோம். உதவியாளர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்வார், நான் மறுபக்கம் நின்று அளவைப் படிப்பேன். அன்று அவர் மகளை டாக்டரிடம் கூட்டிப்போகச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். தனியாகத்தான் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி 5:25. வெளியே நல்ல வெளிச்சம். உள்ளே மங்கல். ஹாலில் ஒரு விளக்கு எரிந்தது. ஹாலிலிருந்து பின்அறைக்குப் போகிற நீள நடையில் பல்பே இல்லை. ஹோல்டர் மட்டும் தொங்கியது. கண் தெரியாத அக்காவுக்கு எதற்கு பல்பு என்று தோன்றியது.

கைப்பிடி அக்காவின் அறை வாசலில் தொடங்கியது. நடை முழுவதும் வந்து, ஹாலைச் சுற்றி, வாசல் கதவில் முடிந்தது. தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அடிப்பக்கம் விரல் படுகிற இடத்தில் சின்னச் சின்னதாக வெட்டுகள். ஒரு வெட்டு வந்தால் படி. இரண்டு வெட்டு வந்தால் கதவு. தம்பி செதுக்கியிருக்கிறார்.

ஓர் இடத்தில் கட்டை சூடாக இருந்தது.

ஒரு கை அகலத்துக்கு மட்டும். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜில்லென்று இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நடையில் ஜன்னல் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஹாலைச் சுற்றியிருந்த பகுதியை முதலில் துண்டு துண்டாக அளந்து முடித்தேன். மிச்சம் நடைதான். டேப்பின் கொக்கியை அறை வாசலில் கட்டையின் முனையில் மாட்டினேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடை முழுக்க நடந்து ஹால் மூலைக்கு வந்தேன். டேப் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. இப்படி இருந்தால் அளவு சரியாக வராது, இழுத்தால் கொக்கி கழன்றுவிடும். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

தொய்ந்திருந்த டேப் மெல்ல நிமிர்ந்தது.

கம்பி மாதிரி நேராக நின்றது. நிம்மதியாகக் குனிந்து அளவைப் படித்தேன். எழுதிக்கொண்டேன். பழக்கதோஷம்... "போதும், விட்டுடுங்க" என்று குரல் கொடுத்தேன்.

நுனி விடுபட்டது.

சர்ரென்று சுருண்டு வந்து பெட்டிக்குள் அடைந்தது. டக்.

அப்புறம்தான் நினைவு வந்தது. என்னோடு யாரும் வரவில்லை.

மணி 5:36. ஹால் கடிகாரத்தில் பார்த்தேன். ஏன் அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. எதையாவது பார்க்க வேண்டியிருந்தது.

"யாரு?" என்றேன்.

நடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

சர்ர்ர்ர்...

மரத்தின் மேல் உள்ளங்கை வழுக்கி வருகிற சத்தம்.

நின்றது.

சர்ர்ர்ர்... நின்றது.

ஒவ்வொரு வெட்டிலும் நின்று, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி கிளம்பியது. அவசரமே இல்லை. இத்தனை வருஷமாக நடந்த வழி.

காலடிச் சத்தம் இல்லை.

கை மட்டும்தான்.

ஓடியிருக்கலாம். வாசல் கதவு எட்டுகிற தூரம்தான். ஓடவில்லை. அக்கா செத்துப்போய்விட்டார், அதுதான் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மனம் அடித்துக்கொண்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பலகையில் முகம் ஒட்டுகிற மாதிரி நின்றேன். என் கையும் கட்டையைத்தான் பிடித்திருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

சர்ர்ர்...

கட்டை அதிர்ந்தது. என் விரலில் தெரிந்தது.

நின்றது. என் கைக்குப் பக்கத்தில்.

"கூட்டத்துல முதல்ல பேசின பொண்ணுதானே?"

அதே குரல். சத்தமாக இல்லை.

"...ஆமாம்மா."

"கட்டையை எடுத்துடுவீங்களா?"

அந்த நொடியை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நான்தாம்மா எழுதினேன், இப்பவே போன் பண்ணி நிறுத்தறேன்' என்று சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆர்டர் காலையில்தான் போகும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கை அங்கிருந்து போக வேண்டும்.

"இல்லம்மா. எடுக்க மாட்டோம்."

"நிஜமாவா?"

"நிஜமாம்மா. நானே பேசிட்டேன். விட்டுட்டாங்க."

கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை. சுவரிடம்தான் சொன்னேன்.

நீளமாக ஒரு மூச்சுச் சத்தம்...

"சரிம்மா. நல்லா இரு."

சர்ர்ர்ர்... நடைக்குள் திரும்பிப் போனது.

தேய்ந்தது.

நின்றுவிட்டது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தபோது, "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அங்கேயே நின்று போனை எடுத்து, கட்டையின் நீளத்தை சுண்ணாம்பு ஐயாவுக்கு அனுப்பினேன். 'வெரி குட்' என்று பதில் வந்தது.

இதைத்தான் என் தங்கையிடம்கூட நான் சொல்லவில்லை.

காலையில் தம்பிக்கு போன் செய்தேன். அக்கா முந்தின நாள் சாயங்காலம் 6:10-க்குப் போய்விட்டார் என்றார். "பாவம் சார்" என்றேன். வைத்த பிறகு கணக்குப் போட்டேன். நான் அந்த வீட்டில் நின்றபோது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். அப்படியும் ஒரு ஈன ஆறுதல் இருந்தது. நான் சொன்ன பொய் எனக்கும் அந்தச் சுவருக்கும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் ஆர்டர். முகத்தில் கோபமே இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, கூச்சத்தோடு சிரித்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு மேடம். கைப்பிடியை அகற்றணும்னு அடிச்சிருக்காங்க. பழைய காப்பியை அனுப்பிட்டாங்க போல."

நான் மேஜையில் கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

"உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். அவ்வளவு வேலையில ஆஸ்பத்திரிக்கே வந்து அக்காகிட்ட சொல்லிட்டுப் போனீங்களே."

"நான்... ஆஸ்பத்திரிக்கு வரலை சார்."

"இருக்கட்டும் மேடம், உங்களுக்கு இதைச் சொல்லிக்கப் பிடிக்காது போல. காலையிலேர்ந்து பேச்சே இல்லாம கிடந்தவ, என்னைக் கூப்பிட்டு, 'கட்டையை எடுக்க மாட்டாங்களாம்டா, அந்தப் பொண்ணே வந்து சொல்லுச்சு'ன்னா. அப்புறம் நிம்மதியாத் தூங்கினா. அப்படியே போயிட்டா. நர்ஸும் உங்களைப் பார்த்தாங்களே."

"என்ன பார்த்தாங்க?"

"அஞ்சு நாப்பது இருக்குமாம். கட்டில் பக்கத்துல நீங்க நின்னுட்டிருந்தீங்களாம். யாரும்மா நீ, எப்படி உள்ள வந்தேன்னு கேட்டாங்களாம். நீங்க திரும்பவே இல்லையாம். சுவத்தையே பார்த்துக்கிட்டுப் பேசிட்டிருந்தீங்களாம். அவங்க என்னைக் கூப்பிட வெளியில வந்துட்டாங்க. நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன் மேடம். நீங்க உள்ள போனதையும் பார்க்கலை, வெளியில வந்ததையும் பார்க்கலை. உள்ள ஓடிப் போனா அக்கா மட்டும்தான்."

அவர் ஆர்டரை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்போ அவ இல்ல. ஆனாலும் அது அங்கேயே இருக்கட்டும்னு ஒரு ஆசை. அவகிட்ட சொன்ன வார்த்தை பாருங்க. கொஞ்சம் திருத்திக் கொடுத்துடறீங்களா?"

அடுத்த அறையில் சுண்ணாம்பு ஐயாவின் பேச்சுச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நான் எழுந்துகொள்ளவில்லை.

"ஆர்டர் சரிதான் சார்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னேன்.