கோடு வரைக்கும் பலகை

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் அந்தத் தெரு முழுக்க ஜோடி வீடுகள். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம். இடது பாதியில் செட்ரிக்கும் அவன் மனைவி முரியலும். வலது பாதியில் ஐவி, புருஷன் போன பிறகு தனிக்கட்டை.

செட்ரிக் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஐவியின் புருஷன் ஒரு கோடையில் நடுவேலிச் செடியை ஒரு முழம் கூடுதலாகக் கத்தரித்துவிட்டான். அதோடு பேச்சு நின்றது. கத்தரித்தவனே செத்துப்போனான், செட்ரிக்கின் கோபம் மட்டும் சாகவில்லை. என்ன ஜென்மமோ! அவன் கிளப்புக்குப் போகும் நேரம் பார்த்து முரியல் பின்வாசல் வழியாக நழுவி, ஐவியோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவாள். வாய்விட்டுச் சிரிக்க அவளுக்கு வேறு இடம் இல்லை.

அந்த வருடம் கூரை விளிம்புப் பலகை மக்கிவிட்டது. திருப்புளியால் குத்தினால் ஊறிய ரொட்டி போல உள்ளே போனது. அடியில் படுக்கையாக அடித்திருந்த பலகையும் அதே கதிதான். "ஆள் எதுக்கு? எனக்குக் கையில்லையா?" என்று செட்ரிக்கே ஏணி போட்டு ஏறினான். தலை சுற்றும் ஆசாமி. கீழே யாராவது பிடித்தால்தான் ஏறுவான். முரியல் பிடித்துக்கொண்டாள்.

பழைய பலகை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓடியது. புதுப் பலகையின் முனை, கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டமான ஒரு கைமரத்தில் உட்கார வேண்டும், அங்கேதான் ஆணி பிடிக்கும். அந்தக் கைமரமோ ஐவியின் பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

ஐவி ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். "செட்ரிக், அந்த மரம் வரைக்கும் இழுத்து அடிச்சிடேன்பா. ஒரு சாண்தானே. நடுவுல விட்டா தண்ணி என் படுக்கை மேலதான் இறங்கும்."

செட்ரிக் திரும்பவே இல்லை. "முரியல், கீழ ஏதோ கத்துதே, பூனையா?"

முரியல் ஏணியைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தாள். "இழுத்து அடிச்சா என்ன குறைஞ்சு போயிடும் உனக்கு?"

"என் பலகை என் வீட்டுக்கு. நீ ஏணியைப் பிடி."

பிடித்தாள். ஐவியின் முகத்தைப் பார்க்காமல் பிடித்தாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான புகைபோக்கியின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலேயே அறுத்தான் பாவி. வெள்ளைப் பெயின்டும் கோட்டோடு நின்றது. "பாத்தியா, மயிரிழை பிசகலை" என்று மார் தட்டினான்.

பிடிமானம் இல்லாத முனை மழைக்காலத்தில் தொங்கிப்போனது. அதில் மாட்டியிருந்த மழைநீர்க் கால்வாயும் ஐவி பக்கம் சாய, தண்ணீரெல்லாம் அவள் கூரைக்குள் இறங்கியது. அவள் மகன் போனில், "குளிர் போகட்டும்மா, ஆள் அனுப்புறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். செட்ரிக் டிவி சத்தத்தைக் கூட்டினான். ஐவியின் பின்வாசலில் முரியல் தட்டினால் இப்போது கதவு திறப்பதில்லை.

ஜனவரியில் ஒரு காலை படுக்கையறைக் கூரைப்பூச்சு மொத்தமாகக் கட்டில்மேல் விழுந்தது. ஐவி சமையலறையில் இருந்ததால் தப்பினாள். மகன் வந்து, வீட்டைப் பூட்டி, முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகக் காரில் ஏற்றினான்.

முரியல் செருப்புகூடப் போடாமல் ஓடி, கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். "ஐவி, அவன் புத்தி உனக்குத் தெரியாதா? நான் என்னடி செய்வேன், சொல்லு?"

"அவன் புத்தி தெரியும் கண்ணு. அவன்கிட்ட நான் எதையும் எதிர்பார்க்கலை" என்றாள் ஐவி. குரலில் கோபமே இல்லை. "ஏணியிலேருந்து நீ கையை எடுத்திருந்தா அவன் இறங்கி வந்திருப்பான்."

கார் போய்விட்டது. வாசலிலிருந்து செட்ரிக் கத்தினான். "என்ன சொல்றா கிழவி?"

"ஒண்ணுமில்லை" என்றாள் முரியல். உள்ளே போய் அவனுக்கு டீ போட்டாள்.