அப்பாவுக்காக வாயசைத்த பாட்டு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவது சரியா என்று தெரியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அதற்குமேல் மூன்றாம் படிவம், அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் வைத்திருக்கப் பயமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மகனுடைய காரில் பசாருக்குக் காய் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு பாட்டு ஓடியது. காற்று மாதிரி ஒன்றுமே பிடிபடவில்லை. வேறு போடச் சொன்னேன். மகன் சிரித்தான்.

“என்னம்மா, வயசு திரும்புதா? முன்னெல்லாம் மெதுவான பாட்டாத்தான் கேப்பீங்க. இப்ப டம்மு டம்முன்னு அடிச்சாத்தான் ஒங்களுக்குப் புடிக்குதுலா.”

நானும் சிரித்துவைத்தேன். இதே கேலியை நான் சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். அப்போது அது அப்பாவைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

நாங்கள் அன்று பண்டார் பாரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். அதுவும் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் நாலு வீட்டுக்குப் பாட்டு. எங்கள் வரிசையில் அந்த ரேடியோ அப்பாவுடையது. அம்மா பின்னிய நூல் உறை போட்டு, பலகைச் சுவரோடு ஒட்டிய மேசையில் அதை உட்கார வைத்திருந்தார்.

அப்பா மெல்லிய பாட்டுகளின் ஆள். பெண் பாடகிகள் தணிந்த குரலில் பாடுவது, இடையில் புல்லாங்குழல் வருவது, இதெல்லாம்தான் அவருக்கு உயிர். அந்த நேரத்தில் அம்மா சட்டியில் கரண்டியைத் தட்டினால்கூட முகம் சுளிப்பார். பிறகு எப்படியோ மாறிவிட்டார். பெண் குரல் வந்தால், என்ன முணுமுணுப்பு என்று குமிழைத் திருப்பி வேறு நிலையம் தேடுவார். மேளமும் உறுமியும் அடித்தால் தொடையில் தாளம் போடுவார். சத்தமும் வாரத்துக்கு வாரம் ஏறியது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் கண்ணாடியோடு நடுங்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்கு அந்த வருடம்தான் கல்யாணமாகி ஒரு அக்கா வந்திருந்தார். நல்ல வாய்.

“அண்ணே, இன்னிக்கு ஒங்க வீட்லதான் திருவிழாவா? காவடி எப்ப வரும்?” என்று அங்கிருந்தே கேட்பார்.

அப்பா பதில் சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாக அம்மா சிரிப்பார். லயத்தில் எல்லாரும் அப்பாவுக்கு இளமை திரும்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் அந்த மாலை நேரங்கள் பயம். அப்பா என்னை ரேடியோ பக்கத்தில் உட்கார வைத்து, பாடுகிறவர்களோடு சேர்ந்து வாயை அசைக்கச் சொல்வார். சத்தம் வரக்கூடாது, உதடு மட்டும். என் கூச்சம் போவதற்கான பயிற்சி இது என்று நான் நினைத்துக்கொண்டேன். கண் கொட்டாமல் என் உதட்டையே பார்ப்பார். ஒரு சொல் தடுமாறினால் நெற்றி சுருங்கும். அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனாலும் அந்தப் பார்வைக்குப் பயந்து பாட்டு முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து ரப்பர் ஆலையில், உறைந்த பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்கும் மிஷின் அவர் கையில் இருந்தது. பல வருடம் அந்த இரைச்சலில் நின்றவர். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், மேளம் கடைசிவரை நிற்கும் என்பதெல்லாம் எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அப்பா மிஷினை ஓட்ட, உருளைகளுக்குள் கட்டியைத் தள்ளிவிடும் வேலை பக்கத்து வீட்டு அக்காவுக்கு. ஒரு நாள் காலை அவருடைய முழுக்கைச் சட்டையின் நுனி உருளையில் மாட்டிக்கொண்டது. நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்கண்ணே என்று கத்தியிருக்கிறார். மிஷினுக்கு மறுபக்கம் முதுகைக் காட்டி நின்ற அப்பா திரும்பவே இல்லை. வேறு யாரோ ஓடிவந்து நிறுத்தினார்கள். சட்டை தோள்வரை கிழிந்தது. விரல்கள் தப்பின.

கிராணி சாயங்காலம் வீட்டுக்கு வரப்போகிறார் என்று சேதி வந்தது. தோட்டத்து ஆபீசில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவர் மனசு வைக்காவிட்டால் அப்பாவிடமிருந்து மிஷின் போய்விடும், பிறகு பொம்பளைகளோடு சேர்ந்து புல் வெட்டத்தான் போகவேண்டும் என்று பெரியவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்குத்தான் இவ்வளவும் என்று நான் நினைத்தேன்.

அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னார். “கிராணி ஐயா வந்தா எந்திரிச்சு ஓடிடாத. எப்பயும் போல ரேடியோகிட்ட உக்காந்து வாய அசை. அப்பா வேல ஒன்ன நம்பித்தான் இருக்கு, தெரியுதா?”

அப்போதே போய் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கிராணி உள்ளே வந்து, அம்மா கொடுத்த கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் தோளில் கை போட்டார். நல்ல சத்தமாகத்தான் பேசினார்.

“நீ பெரிய ரசிகன்னு லயமே சொல்லுது. இப்ப ஓடுற பாட்ட ஒரு வரி பாடு, கேப்போம்.”

சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார். குமிழைத் திருப்பினேன். இன்னும் என்று சைகை செய்தார். திருப்பினேன். பக்கத்தில் இருந்த எனக்கே பாட்டு ஒரு நூல் மாதிரித்தான் கேட்டது. பெண் குரல், கூடவே புல்லாங்குழல்.

அப்பா என் உதட்டைப் பார்த்தார்.

என் உதடு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அப்பாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. வேறு ஒன்று இருந்தது. அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியவர்களுக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வாயை அசைத்தேன். அப்பா ஒரு நொடி பொறுத்து அந்த வரியைப் பாடினார். ராகம் கொஞ்சம் விலகியது. சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை.

கிராணி தொடையில் தட்டிச் சிரித்தார். ஆளுங்க பேச்சை நம்பி இவ்வளவு தூரம் வந்தேனே என்று சொல்லிவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அம்மா சமையல்கட்டுக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு வந்து என் வாயில் ஒரு பிடி சீனியைப் போட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்க்காமல் என்னைத்தான், என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை இழுத்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

“நல்லாப் பாடுனீங்கண்ணே,” என்றார். வழக்கமான கேலி அதில் இல்லை. போய்விட்டார்.

அப்பா அந்தத் துணிக்கட்டையே பார்த்திருந்துவிட்டு, எழுந்து ரேடியோவை அடைத்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோமே, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, எல்லாரும் வேலைக்கு வந்து வரிசையில் நிற்கும் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது, தன்னைப் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்த்துவிடும்படி அப்பாவே கிராணியிடம் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பலகையைத் தட்டி, “என்ன அண்ணே, இன்னிக்குப் பாட்டு இல்லையா?” என்று கேட்டார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து, முந்தின நாள் எந்த இடத்தில் வாயைத் தப்பாக அசைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.