எல்லாக் கல்லிலும் சிவப்பு

போகிக்கு முந்தின நாள் பரண்மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த என் மகள், ஒரு பெயின்ட் டப்பாவைக் கீழே இறக்கினாள். மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஆட்டிப் பார்த்தாள், உள்ளே எதுவும் அசையவில்லை. பக்கவாட்டில் வழிந்து காய்ந்த சிவப்பில் ஒரு பிரஷ் ஒட்டிக்கிடந்தது. "இன்னா நைனா இது? எரிக்கிறதா, வெக்கிறதா?" என்று கேட்டாள்.  அந்தச் சிவப்பு பத்து வருஷத்துப் பழையது.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய அம்பாசிடர். நான் பள்ளி ஆசிரியர். உறவு என்பதைவிட ரோட்டுப் பைத்தியம்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் "வா மாப்ள, ரோட்ட பாத்துட்டு வரலாம்" என்று வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். கோயிலைப் பார்க்க, ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ரோட்டைப் பார்ப்பதற்கென்றே போனவர்கள் இந்தப் பக்கத்தில் நாங்கள் இருவர்தான் என்று நினைக்கிறேன். ஏரி நிரம்பிய கார்த்திகையில் கரையோரமாகவே வண்டியை ஊர விடுவார். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நாற்று. காஞ்சிபுரம் போகும் பெரிய ரோடு அவருக்குப் பிடிக்காது. "அது ரோடா? நூல் புடிச்சாப்ல போவுது. தூக்கம்தான் வரும். ரோடுன்னா வளையணும் மாப்ள, அடுத்தது இன்னா வரும்னு நெஞ்சு கொஞ்சம் அடிச்சிக்கணும்" என்பார்.

நான் வேறு கட்சி. எனக்குப் பலகைகள் வேண்டும். மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டு முடித்திருந்த காலம் அது. எந்தக் கல் சாய்ந்திருக்கிறது, எந்தப் பலகையின் அம்புக்குறி ரோட்டை விட்டு வயலைக் காட்டுகிறது என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மச்சான் அதைப் பார்த்துச் சிரிப்பார். "வளைவு வருதுன்னு போர்டு சொல்லணுமா? தூரத்துல ரெண்டு பக்கத்துப் புளியமரமும் ஒண்ணா சேந்து நிக்குது பாரு, அதுதான் போர்டு. நீ எழுத்த படிச்சிக்கினே போ, வாத்தியாரே. வண்டி மரத்த படிக்கட்டும்." டீக்கடையில் மற்ற டிரைவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரிப்பு எனக்கு உறைத்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் குறுக்கு வழிதான் அவருக்கு எல்லாவற்றிலும் அழகான வழி. இடையில் ஆற்றைத் தாண்ட ஒரு தரைப்பாலம். ஆண்டில் பத்து மாதம் மணல்தான். மழைக்காலத்தில் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும். ஓரத்தில் இருபத்தொரு கற்கள் நட்டிருந்தார்கள். அவற்றில் நடுக்கல்லில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். ஆயுத பூஜையன்று ஸ்டாண்டு டிரைவர்கள் போய்ப் பூசணிக்காய் உடைத்து, காவியைக் குழைத்து அந்தக் கோட்டைப் புதுப்பிப்பார்கள். "நடுக்கல்லுல செவப்பு தெரிஞ்சா போ. தெரியலன்னா வண்டிய திருப்பு. அவ்ளோதான் சட்டம்" என்று ஒருமுறை கோடைக்காலத்தில் அந்த வழியாகப் போகும்போது சொன்னார். எவ்வளவு உயரத்தில் என்று அவர் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவன் எவனுக்கும் அது தெரியும். எனக்கு மனத்தில் நின்றது சிவப்பு மட்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் மச்சான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதி, காளஹஸ்தி, அதற்கு மேல் வடக்கே என்று இரண்டு வார யாத்திரை போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளியில் சேவை முகாம் வந்தது. தரைப்பாலத்துக் கற்களை வெள்ளையடிக்கலாம் என்று சொன்னவன் நான். மாணவர்களோடு எட்டு வயது மகளையும் அழைத்துப் போனேன். டப்பாவைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. நடுக்கல்லில் முழங்காலுக்குக் கீழே கோணலாக, கையால் இழுகிய காவியைப் பார்த்தேன். இப்படி அசிங்கமாக வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும் என்று தோன்றியது. இருபத்தொரு கல்லுக்கும் அடி முதல் நுனி வரை வெள்ளையடித்து, நுனியில் அளவெடுத்து ஒரே அகலத்தில் சிவப்புப் பட்டை போட்டேன். தூரத்தில் நின்று பார்த்தபோது வரிசை கண்ணைப் பறித்தது. மச்சான் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, மகள் காவாந்தண்டலத்தில் என் மாமனார் வீட்டில் இருந்தாள். யாத்திரையிலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திரும்பிய மச்சான் நேரே அங்கே போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவளைக் கூட்டி வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். செம்மண் தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கற்களின் சிவப்பு வரிசையாகத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கரையில் ஒரு வெளியூர் லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இங்க ஒரு காவிக் கோடு இருக்குமே சார், முட்டிக்குக் கீழ. எங்க போச்சு? எவன்யா இத மேல ஏத்துனவன்?"

 சிவப்பு இருந்த உயரத்தைப் பார்த்தேன். என் இடுப்பு.

அந்த நேரம்தான் எதிர்க்கரையில் அம்பாசிடர் வந்து நின்றது. மச்சான் கதவைத் திறந்து இறங்கினார். துண்டால் மழையைத் துடைத்துக்கொண்டு நடுக்கல்லை உற்றுப் பார்த்தார். அவருக்கும் சிவப்பு தெரிந்திருக்கும். நான் தண்ணீரில் இறங்கி இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டார். அவரும் கையைத் தூக்கி ஆட்டினார். முன் சீட்டிலிருந்து இன்னொரு சின்னக் கையும் ஆடியது. வண்டி இறங்கியது.

ஐந்தாவது கல் வரை சரியாக வந்தது. எட்டாவது கல்லில் வேகம் குறைந்தது. நடுக்கல்லை நெருங்கியதும் வண்டியின் பின்பக்கம் மெல்ல, ஒரு ஆள் தள்ளுகிற மாதிரி, ஓரமாகத் திரும்பிக் கற்களில் சாய்ந்து நின்றது. ஜன்னல் வழியாக மச்சான் வெளியே வந்து, அவளை இழுத்து நடுக்கல்லின் மேல் தூக்கி வைத்து, கல்லையும் அவளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். தண்ணீர் எகிறி அவர் மார்பில் அடித்தது. லாரி டிரைவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். எங்கிருந்தோ நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். கயிறு இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை மச்சான் பல்லால் பிடித்தார். அவர்கள் கரையேறிய பின் கார் கற்களைத் தாண்டிப் புரண்டு போனது.

என் மனைவி அண்ணனைக் கேட்டது ஒரே கேள்வி: "எம்புள்ளய ஆத்துக்குக் குடுக்கப் பாத்தியா?" ஊரே கேட்டது. பெரிய ரோட்டில் உயரமான பாலம் இருக்கும்போது குறுக்கு வழி எதற்கு? அழகு பார்க்கிற நேரமா அது? அவர் எல்லோருக்கும் சொன்னது, "என் கணக்கு தப்பிப்போச்சு." ஸ்டாண்டு டிரைவர்களையும் அதற்கு மேல் பேச விடவில்லை. ஒருநாள் தனியாகப் பார்த்து, "மச்சான், அந்தச் சிவப்பு..." என்று ஆரம்பித்தேன். "வுடு மாப்ள" என்றார். "வாத்தியாருன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் புள்ளைங்கள உன்கூட அனுப்புவானா? எனக்கு டிரைவர் பேரு. கெட்டாலும் வேற ஊர்ல ஓட்டிக்கலாம்." அப்படியே ஆயிற்று. வந்தவாசிப் பக்கம் போய் லாரி ஓட்டினார். போவதற்கு முன் பாலத்துக்குப் போய், என் பட்டைகளையெல்லாம் சுரண்டிவிட்டு, நடுக்கல்லில் பழைய இடத்தில் காவியை இழுகிவிட்டுப் போனதாக டீக்கடையில் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என் மனைவி பத்து வருஷமாக அவர் வாசலை மிதிக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் அவருடைய மகனின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. என் மனைவி அதைப் பிரிக்காமல் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டாள். இந்தப் பக்கம் மகள் மொபெட் வாங்கித் தரச் சொல்கிறாள். காலேஜுக்கு அந்தக் குறுக்கு வழியாகவே போவாளாம், அதுதான் அழகாம். வாசலில் ஒரு பிரேக் சத்தம் கேட்டால் நான் எழுந்துவிடுகிறேன்.

டப்பாவை வைத்துக்கொண்டு நின்றவளிடம், என்னையறியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். உயரம், அகலம், நான் அளவெடுத்தது, எல்லாம். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் நைனா. தண்ணிக்குள்ள நான்தான் சொன்னேன், 'மாமா, இது எங்க நைனா போட்ட செவப்பு'ன்னு. அவரு கல்ல திரும்பிப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. 'அப்ப கெட்டியா புடிச்சிக்கோ, வாத்தியாரு அடிச்சது லேசுல போவாது'ன்னாரு. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கினாரு." என்னை நேராகப் பார்த்தாள். "நீ இன்னுமா சொல்லல?"

சமையலறையில் என் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. காலண்டருக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்தேன். இன்னொரு கையில் டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.