தம்பியின் பெயருக்கு வந்த அறிவித்தல்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் அலுமாரியிலிருந்து அவருடைய உயிலை, மரணசாதனத்தை எடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அதை எழுத நொத்தாரிசிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். பருத்தித்துறையில் நாங்கள் இருக்கிற வீடு எனக்கு. வீட்டுக்குப் பின்னால் கிணற்றோடு சேர்ந்த காணித்துண்டு தம்பிக்கு. அக்காவுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று என்பதால் நகை மட்டும். இவற்றை நிறைவேற்றிக் கொடுக்கும் பொறுப்பும் என்னுடையது.

அன்று எழுதிக்கொண்டிருந்த நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டு, மகன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். "அவன் வன்னிக்குப் போனவன், இன்னும் வரேல்லை" என்றார் அம்மா. பக்கத்தில் அச்சுவேலிச் சந்தைக்குப் போனவனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

தம்பி லொறி ஓட்டினவன். வன்னிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போயிருந்த நேரம் சண்டையால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் பாதை பூட்டுப்பட்டது. அங்கேயே நின்றுவிட்டான். கடைசிச் சண்டை நடந்த மாதங்களில், இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்த சனத்துக்குள் அவனைக் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கலாம், அது விருப்பமில்லாவிட்டால் காணாமற்போனவர் என்று ஒரு சான்றிதழாவது எடுக்கலாம் என்று அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார். கையெழுத்து மட்டும் வைக்கமாட்டார்.

நான் பிடித்த சட்டத்தரணி என்னைவிட மிகவும் இளைய பெண். மரணசாதனத்தை வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும், வழக்கில் அது உண்மையானதென்று ஏற்கப்பட்ட பிறகே எதையும் யாருக்கும் எழுதலாம் என்றும் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மனுதாரர் நான். உரித்துள்ள மற்றவர்கள் எல்லோரும் எதிர்மனுதாரர்கள். அக்கா கனடாவிலிருந்து சம்மதம் என்று சத்தியக்கடதாசி அனுப்பினால் போதும். தம்பியின் பெயருக்கு வந்தபோதுதான் அவர் நிறுத்தினார்.

"மரணச் சான்றிதழ் எடுத்தா வழக்கு கெதியா முடியும், அக்கா. இல்லாட்டி அவரையும் எதிர்மனுதாரராப் போட்டு அறிவித்தல் அனுப்ப வேணும். உயிரோடை இருக்கிற ஆளுக்குச் செய்யிற எல்லாம் அவருக்கும் செய்ய வேணும்."

"அப்பிடியே செய்யுங்கோ" என்றேன்.

அவர் தம்பியின் கடைசி விலாசத்தைக் கேட்டார். எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் சொன்னேன்.

அக்காவுக்குச் சொன்னபோது கோபப்பட்டார். நீயும் அம்மா மாதிரிக் கதைக்காதை என்றார். அவருக்கு அங்கே வேலை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு காரியம் முடிய வேண்டுமென்றால் முடிய வேண்டும். நான் சம்மதக் கடதாசியை மட்டும் கேட்டேன். அதை அவர் தாமதிக்காமல் அனுப்பினார்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க யன்னலுக்கு வெளியே சனம். இதைச் சாப்பாட்டுக்கு முதல் போடுங்கோ, இதைப் பிறகு போடுங்கோ என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை வரைக்கும் வாய் திறக்கத் தேவையில்லை. அம்மா இருந்த கடைசி வருடங்களில் அவருக்குக் காது மந்தம். அதனால் வீட்டில் எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிப் பழகிவிட்டேன். அவர் போன பிறகு ஒருநாள், பால் பொங்கினதைக் கண்டு நானே ஏதோ சத்தமாகச் சொல்லி, அந்தச் சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

அப்படி ஒரு பின்னேரம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நீதிமன்ற அறிவித்தல்களைக் கொண்டுவந்து கொடுக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர். தம்பியின் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரோடு சேர்த்து வாசித்துவிட்டு, இவர் இருக்கிறாரோ என்று கேட்டார்.

"இல்லை."

"வேலைக்குப் போட்டாரோ? எத்தினை மணிக்கு வருவார்?"

"தெரியாது, அண்ணை" என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கடதாசியைத் திரும்பவும் பார்த்தார். இதைப் போட்டது ஆர் என்றார். நான்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ஆள் இல்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார். கேற்றைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எத்தனை மணிக்கு வருவார் என்று தம்பியைப் பற்றி யாரும் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

வழக்கின் அடுத்த தவணை நாளில் அறிவித்தலை வீட்டில் ஒட்டும்படி நீதிமன்றக் கட்டளை கிடைத்தது. அதே உத்தியோகத்தர் திரும்பவும் வந்தார். எங்கே ஒட்டட்டும் என்று என்னைக் கேட்டார். கேற்றில் இடத்தைக் காட்டினேன். பசை பூசி, மூலைகளைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண், தம்பியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள், அடுத்த நாள் காலை மீன் வாங்கிக்கொண்டு போகும்போது அதைக் கண்டிருக்கிறாள். பெயரை மட்டும்தான் வாசித்தாள் போலிருக்கிறது. மீன் பையோடு முற்றத்துக்கே ஓடிவந்தாள்.

"அக்கா, அவன் வந்திட்டானோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் கேற்றடியால் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவதைக் கவனித்தேன். மழைக்கு அந்தக் கடதாசி ஊறி விழும்வரைக்கும் நானும் அப்படித்தான் உள்ளே வந்து போனேன்.

தவணை நாட்களில் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். அங்கே யாரும் தனியாக வருவதில்லை. ஒரு நாள் எனக்கு முன்னால் எல்லை வேலி வழக்கு. அண்ணனும் தம்பியும். இரண்டு பேருக்கும் நரைத்துவிட்டது. நீதிபதி எழுந்து போன இடைவேளையில் வெளி விறாந்தையில் நின்று ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், சிலர் விலக்குப் பிடித்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாக இருந்தது. ஏசுவதற்கென்றாலும் எதிரில் ஆள் நிற்கிறாரே என்று நினைத்தேன்.

பத்திரிகையிலும் விளம்பரம் போட்டு, ஆட்சேபம் சொல்ல வருபவர்களுக்குக் கொடுத்த காலமும் முடிந்த பிறகு எங்கள் வழக்கு எடுக்கப்பட்டது. அன்றைக்கு எதிர்மனுதாரரைக் கூப்பிடுவார்கள், பயப்பிடாதையுங்கோ என்று சட்டத்தரணி முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெயர் கூப்பிடுபவர் வயதானவர். காலை முழுக்கப் பெயர்களை ஒரே இழுவையில் வேகமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் வழக்கு வந்ததும் வாசலுக்குப் போய் நின்று தம்பியின் பெயரைக் கூப்பிட்டார். விறாந்தையில் நின்றவர்கள் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தரம் கூப்பிட்டார். றோட்டில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, மூன்றாம் தரமும் கூப்பிட்டார்.

வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவும் வாசலைப் பார்த்தார்.

எதிர்மனுதாரர் சமூகமளிக்கவில்லை என்று பதிந்தார்கள். ஆட்சேபம் ஒன்றும் இல்லை. மரணசாதனம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீதிபதி தம்பியின் காணித்துண்டைப் பற்றிக் கேட்டார். அது அவர் பெயரிலேயே இருக்கட்டும், மனுதாரர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்று சட்டத்தரணி சொன்னார். நாங்கள் முதலே அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். எல்லாம் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. அடுத்த வழக்குக்காரர்கள் எழுந்து முன்னால் போனார்கள்.

வெளியே வந்து படியில் செருப்பைப் போடும்போது பெயர் கூப்பிட்ட அந்த ஐயா பின்னால் வந்தார்.

"பிள்ளை, தம்பியோ?"

"ஓம், ஐயா."

"சத்தமாத்தான் கூப்பிட்டனான்" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு அக்கா ரெலிபோன் எடுத்தார். தீர்ப்பைச் சொன்னேன். நல்லது என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவன்ரை பேரைக் கூப்பிட்டவையோ என்று கேட்டார். ஓம் என்றேன். முழுப் பேருமோ என்றார். அப்பாவின்ரை பேரோடை, முழுப் பேரும் என்றேன். அக்கா அழத் தொடங்கினார். அம்மா செத்தபோது விமானத்தில் வந்து இறங்கி எல்லாக் காரியமும் பார்த்துவிட்டுப் போனவர். அப்போதுகூட அவர் அப்படி அழவில்லை. அழுது முடியும்வரை ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

நீதிமன்ற முத்திரை வைத்த பத்திரம் கைக்கு வர இன்னும் சில மாதங்கள் சென்றன. பதிவாளர் அறையில் கையெழுத்து வைத்து வாங்கினேன். சட்டத்தரணிக்கு அன்று யாழ்ப்பாணத்தில் வழக்கு. அதனால் தனியாகத்தான் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வடை சாப்பிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். ஆருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். தம்பியின் காணியில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வெங்காயம் வைக்கக் குத்தகைக்குத் தரச்சொல்லி அயலில் ஒருவர் கேட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கொடுக்கலாம், காணி தரிசாகக் கிடக்கக்கூடாது என்று அப்போது தோன்றியது. அக்காவிடமும் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும். ரெலிபோனைக் கையில் எடுத்தேன். கனடாவில் இன்னும் விடியவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, அக்கா எழும்பும் நேரம் வரட்டும் என்று பார்த்திருந்தேன்.