தம்மாம் கேசட்டின் சுருதி

என் மகள் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி வைத்திருக்கிறாள். எந்தச் சத்தத்தைக் காட்டினாலும் அது என்ன சுரம் என்று சொல்லிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அதே வேலை. குக்கர் விசில், தண்ணீர் மோட்டார், குளியலறைக் கதவின் கீல் என்று போய்க் கடைசியில் என்னிடம் வந்தாள். “அப்பா, ஏதாவது பாடுங்க.” பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. வார்த்தையில்லாத ஒரு இழுப்புதான் வந்தது, எத்தனையோ வருஷமாக உள்ளே சுருண்டு கிடந்தது போல. திரையில் முள் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே போய் நின்று நடுங்கியது. “நீங்க எதுலயுமே இல்லப்பா” என்றாள்.

அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் புதுக் கேசட்டின் வாசனை வந்துவிட்டது. உறையின் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்கும்போது ஒரு வாசனை வருமே, அது. தொண்ணூற்றெட்டு வாக்கில் பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், செல்வம் அண்ணன் நடத்திய ரெக்கார்டிங் கடையில் எனக்கு வேலை. ஆட்கள் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆண்டிமடத்திலிருந்து வரும் ஒருவர் பட்டியலில், தோலையே பொசுக்குமே அந்த முந்திரிக்கொட்டைப் பால், அதன் கறை இருக்கும். பாதி எழுத்து அதில் வெந்து போயிருக்கும். நாங்களாக ஒரு பாட்டை ஊகித்துப் பதிந்து கொடுப்போம். அவரும் ஒருநாளும் வந்து கேட்டதில்லை.

அப்போது எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நான்கு மாதம் கீபோர்டு வகுப்புக்குப் போயிருந்தேன். கச்சேரிக்காரர்கள் ‘ஒரு கட்டை’ என்பதும் சர்ச்சில் பாடுகிறவர்கள் ‘சி’ என்பதும் ஒரே உயரம்தான், இரண்டு கட்டை என்றால் ‘டி’ என்றெல்லாம் தெரிந்துகொண்டதில் உலகமே என் பன்னிரண்டு கட்டைகளுக்குள் அடங்கிவிட்டதாக நினைப்பு. ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. மனிதத் தொண்டையிலிருந்து வரும் எதுவும் இதில் ஏதாவது ஒன்றின்மேல் வந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? கடையில் ஒரு சின்ன கீபோர்டை வைத்துக்கொண்டு, வரும் பழைய கேசட்டுகளின் சுருதியைச் சரிபார்ப்பேன். டெக்கின் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதற்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு திருகு திருகினால் டேப் வேகமாக ஓடும், குரல் மேலேறும். மறுபக்கம் திருகினால் இறங்கும். பெல்ட் தளர்ந்த டேப் ரெக்கார்டரில் பதிந்து, அழுகிற மாதிரி இழுக்கிற பாட்டையெல்லாம் அப்படி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன். செல்வம் அண்ணன் என் பெயரையே மறந்துவிட்டார். “டேய் சுருதி, டீ சொல்லிட்டு வா” என்பார்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜமீலாக்கா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். கூடவே நான்கு வயது மகள், பானு. பையிலிருந்து ஒரு கேசட்டைக் கைக்குட்டையோடு எடுத்துக் கொடுத்தார். அவர் கணவர் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறவர். பேசிப் பதிந்து, ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது.

“சுத்துறப்ப கிறீச்சுங்குது தம்பி. வேற கேசட்டுல ஏத்திக் கொடுங்க. இவ எட்டு மாசக் கொழந்தையா இருக்குறப்ப போனவங்க. பெத்த அத்தான்னா இவளுக்கு இந்தக் கேசட்டுதான்.”

சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேசட்டைப் போட்டேன். ஒரு ஆண் குரல், மெதுவாக. “பானு, சோறு தின்னியா?” என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறார். பிறகு, “என்ன கொழம்பு?” மறுபடி நிறுத்துகிறார். அந்த இடைவெளிகளில் பின்னாலிருந்து ஒரு ரேடியோ கேட்கிறது. தந்திகள் அதிர, ஒரு அரபுப் பாடகர் ஒரே இடத்தில் நின்று நிதானமாக இழுக்கிறார். என் கை தானாக கீபோர்டுக்குப் போனது. அவர் நின்ற சுரம் எந்தக் கட்டையிலும் இல்லை. சின்ன காந்தாரத்துக்கு மேலே, பெரிய காந்தாரத்துக்குக் கீழே.

டேப் இழுக்கிறது என்று முடிவு கட்டினேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அந்த ஒரு சுரத்தை மேலேற்றிக் கட்டையில் உட்காரவைத்தால் மற்றவை எழுந்து வெளியே போயின. அவற்றைத் துரத்திக்கொண்டு இன்னும் திருகினேன். நாலு பேருக்கு மூணு நாற்காலி போட்ட மாதிரி யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். டேப்பின் வேகம் மாறினால் எல்லாச் சுரமும் சேர்ந்துதானே நகரும், ஒன்று மட்டும் எப்படித் தப்பாகும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கீபோர்டு தப்புச் சொல்லாது என்று இருந்தேன். கடைசியில் அசல் இடத்தைவிட ஒரு கட்டைக்கும் மேலேயே ஏற்றி வைத்து, திருப்தியாகப் பதிந்து முடித்தேன். பழக்கதோஷத்தில் திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பிறகு அசல் கேசட்டைப் பின்னால் சுற்றவிட்டேன். டெக் அதைத் தின்றுவிட்டது. சிக்கி, மடங்கி, கசங்கிய பழுப்பு நாடாவை நான் முழம் முழமாக வெளியே இழுத்தபோது செல்வம் அண்ணன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பதிந்ததைப் போட்டுக் காட்டினோம். குரல் மெலிந்து, அவசரமாக, ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆள் போலப் பேசியது. “சோறு தின்னியா?” பானு “தின்னுட்டேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து அவள்மேல் இடித்தது. அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது அத்தா இல்ல. இது வேற யாரோ.”

ஜமீலாக்கா திட்டவில்லை. கசங்கிய நாடாவைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டே, “அவங்க வர இன்னும் எட்டு மாசம் இருக்கு தம்பி” என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

“ஏத்தினவன் எறக்குடா” என்றார் அண்ணன்.

எவ்வளவு இறக்குவது? திருகாணியைத்தான் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேனே, எந்த அளவும் கையில் இல்லை. அந்தக் குரலின் சரியான உயரம் இந்த ஊரில் இரண்டு பேர் காதில்தான் இருந்தது. ஜமீலாக்கா இரண்டு தரம் கேட்டுவிட்டு, “எல்லாம் அவங்க மாதிரிதான் இருக்கு, எல்லாம் இல்லாத மாதிரியும் இருக்கு” என்று கண்ணைத் துடைத்தார். பானுவை ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்தோம். நான் ஒரு நூலளவு திருகுவேன். டேப் கேட்கும், “சோறு தின்னியா?” அவள் பதில் சொல்வாள். இடிக்கும். “இல்ல.” இன்னொரு திருகு. “இல்ல.” ஒருமுறை அதிகமாக இறக்கிவிட்டேன். “இது தாத்தா” என்றாள். ஜமீலாக்காவே சிரித்துவிட்டார்.

பிறகு ஒரு திருகு. “சோறு தின்னியா?” “தின்னுட்டேன்.” “என்ன கொழம்பு?” “முருங்கக்கா.” கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று தொடாமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டு நடந்தன. அவள் எங்களை மறந்துவிட்டாள். ஸ்டூலில் கால்களை ஆட்டிக்கொண்டு, அன்று பள்ளிவாசல் பக்கம் ஆடு ஒன்று குட்டி போட்ட கதையை அத்தாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். நான் சுருதியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதைத் தாளத்தில் பிடித்துவிட்டாள்.

அந்த இடைவெளியில் அரபுப் பாடகரும் வந்தார். அதே இடத்தில் நின்றார், கட்டைகளுக்கு நடுவே. இந்தத் தடவை நான் கீபோர்டைத் தொடவில்லை. அந்த இசையில் கால் சுரத்துக்கெல்லாம் தனித்தனி இடம் உண்டு என்பதையும், என் பன்னிரண்டு கட்டைகள் ஐரோப்பியர் தங்கள் வசதிக்குப் போட்ட கணக்கு என்பதையும் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அதற்கும் முன்பே கல்லங்குறிச்சித் தேரன்று நாகசுரக்காரர் ஒரு துளையைப் பாதி மூடி, பாதி திறந்து அதே மாதிரி ஓரிடத்தில் நிற்பதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது கட்டையாக இருந்திருக்கிறது.

அந்தத் திருகாணி நின்ற இடத்தில் செல்வம் அண்ணன் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார், ரோஸ் நிறம். புதுக் கேசட்டில் இன்னொரு முறை பதிந்து கொடுத்தோம். கூடவே எச்சரிக்கையாக ஒரு பிரதி.

எட்டு மாதம் பத்தாகி, ஒரு உயரமான மனிதர் கடை வாசலில் வந்து நின்றார். பானு அவர் விரலைப் பிடித்திருந்தாள். “சுருதி தம்பிங்கிறது யாரு? என்னைய ஒரு சாயங்காலம் பூரா பொம்பளையாக்கி வச்சிருந்தீங்களாமே.” நான் தலை நிமிரும் முன்பே தெரிந்துவிட்டது. அந்தக் குரல், புள்ளி வைத்த அதே இடம். திருச்சி ஏர்போர்ட்டில் அவரைப் பார்த்ததும் பானு அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாளாம். ‘சோறு தின்னியா’ என்று கேட்டாராம். கேட்டதும் நின்று, சரியான இடைவெளி விட்டு, “தின்னுட்டேன்” என்றாளாம்.

அந்தச் சந்தில் இப்போது மருந்துக்கடை இருக்கிறது. கேசட் போய் சிடி வந்து அதுவும் போய்க்கொண்டிருந்த நாளில், இரண்டாயிரத்து ஏழு இருக்கும், செல்வம் அண்ணன் டெக்கைப் பழைய இரும்புக்குப் போட்டார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். கவிழ்த்துதான் வைத்தோம். மோட்டாரின் முதுகில் அந்த ரோஸ் புள்ளி அப்படியே இருந்தது. தம்மாமில் இருந்த ஒரு மனிதர் லப்பைக்குடிக்காட்டில் யாராக இருந்தார் என்பதற்கு இருந்த ஒரே அளவு, ஒரு தராசுத்தட்டுக்கும் ஒரு உடைந்த சைக்கிளுக்கும் இடையில் குலுங்கிக்கொண்டே பாலக்கரைப் பக்கம் திரும்பிப் போனது.